அந்த நிலைக்குழு அறிக்கை

திருநங்கையர், திருநம்பியர் உரிமைச் சட்டம் என்றால் 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறிய திமுக எம்.பி. திருச்சி சிவாவின் தனிநபர் மசோதாவைத்தான் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் 2017 ஜூலையில் சமூக நீதிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, அதாவது மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்கள் குழு, கொடுத்த அறிக்கையை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

அரசு 2016-ல் கொண்டுவந்த மசோதாவின் வரையறை, இவர்களை முழுதாக ஆணும் அல்லாத, முழுதாகப் பெண்ணும் அல்லாத ஆட்கள் என்றது. படிக்கும்போதே வயிறு எரிந்தது. குழு அதை ஏற்கவில்லை. திருநர்களையே அழைத்துக் கேட்டது. இடஒதுக்கீடு வேண்டும் என்றது, அவர்களின் திருமண உறவுக்குச் சட்ட ஏற்பு வேண்டும் என்றும் பேசியது. இத்தனைக்கும் குழுவின் தலைவர் ரமேஷ் பைஸ், ஆளுங்கட்சிக்காரர். குழு அறையில் கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது, அதனால்தான் இப்படி மனம்விட்டுப் பேச முடிகிறது என்று நினைக்கிறேன்.

2019 சட்டத்தில் அந்த வரையறை இல்லை. ஒருவரின் பாலினத்தைச் சோதித்துச் சொல்ல 2016 மசோதா வைத்திருந்த மாவட்டக் குழுவும் இல்லை. ஆனால் ஆட்சியரிடம் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இடஒதுக்கீடும் வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அறிக்கை நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் படியுங்கள்.