கையெழுத்துப் பதிவேடும் காஸ்டிக் கேனும்

திருப்பூரில் ஒரு சாய ஆலையில் ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தபோது, வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆடிட்டுக்கு ஒரு மாதம் முன்பாக, ரசாயனங்களைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு அத்தகைய பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகவே சொல்லியிருந்தது என்பதை அப்போதுதான் தேடிப் படித்தேன்.

முதல் வகுப்பைக் கேன்டீனில் நடத்தினேன். ரசாயனத்தின் ஆபத்துகளையும் கையாளும் முறையையும் சொல்லும், 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளைத் திரையில் ஒவ்வொன்றாக விளக்கினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். மீதிப் பாதி இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். அன்று மாலை குடோனுக்குப் போனபோது, காலையில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டவர், குடிநீர் பாட்டில் ஒன்றில் அசிட்டிக் அமிலத்தைப் பிடித்து மெஷின் அருகே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் திரையை விட்டுவிட்டு, வகுப்பைக் குடோனுக்கே மாற்றி, நான் பேசுவதற்குப் பதிலாகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். கேன்களில் ஒட்டியிருந்த சிவப்புக் கட்டச் சின்னங்களில், கையின்மேல் திரவம் சொட்டும் படத்தை, அதாவது தோலை அரிக்கும் என்ற எச்சரிக்கையைக் காட்டியபோது, "இங்கே கை கழுவலாம்" என்று ஒருவர் பொருள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காஸ்டிக் (காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம்) தோலில் பட்டால் அசிட்டிக் ஊற்றினால் சரியாகிவிடும் என்று பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததும் அன்றுதான் தெரிந்தது. அப்படிக் கலந்தால் புண்ணின்மேலேயே சூடு கிளம்பும் என்பதையும், ஓடும் தண்ணீரைத் தவிர வேறு முதலுதவி இல்லை என்பதையும் சொன்னேன். ஆனால் அவர்களை நம்பவைத்தது என் பேச்சன்று, காஸ்டிக் கரைசலில் இரவு முழுவதும் ஊறிய ஒரு கோழிக்கால். காலையில் அதன் தோல் சோப்புபோல வழுவழுத்துக் கரைந்திருந்தது. காஸ்டிக் பட்ட விரல் வழுக்குவது தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால்தான் என்று அப்போது சொன்னபோது ஒருவரும் கண்ணை மூடவில்லை.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதை வாயால் சொல்வது எளிது. ஒருவரைக் கண் கழுவும் குழாயருகே நிறுத்திக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன்; இரண்டாவது நிமிடத்திலேயே "போதுமா சார்?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய குறையொன்று அப்போதுதான் வெளிப்பட்டது. தகரக் கூரைமேல் இருந்த தொட்டியிலிருந்து மே மாத வெயிலில் வந்த தண்ணீரில் கையையே வைக்க முடியவில்லை. கண்ணை எப்படி வைப்பது? தொட்டியை நிழலுக்கு மாற்றும்படி நிர்வாகத்திடம் கேட்டேன், மூன்று முறை கேட்ட பிறகு மாற்றினார்கள்.

சாயமிடலில் பயன்படும் ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) பொடியைப் பற்றி மட்டும் செய்துகாட்டாமல், சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஈரக் கரண்டி பட்டாலே அது சூடேறி, கந்தக டைஆக்சைடு புகையைக் கக்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. பெராக்சைடு பேரலிலிருந்து எடுத்த மிச்சத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது என்பதற்கும், மூடியின் காற்றுத்துளையை அடைக்கக் கூடாது என்பதற்கும் காரணத்தைக் கேட்டறிந்த பிறகே அவர்கள் தலையசைத்தார்கள். கையுறை அணிய மறுத்தவர் சொன்ன காரணமும் நியாயமானதே: கையைத் தூக்கினால் திரவம் முழங்கை வழியே உள்ளே ஓடுகிறது. விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் அது அங்கேயே தேங்கும் என்று மடித்துக்காட்டினேன்.

எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, காஸ்டிக் செதில்களைக் கரைத்துக் காட்டச் சொன்னேன். பலர் முதலில் செதில்கள்மேல் தண்ணீரை ஊற்றப் போனார்கள். நிறுத்தி, குளிர்ந்த தண்ணீரில் செதில்களைச் சிறிது சிறிதாகப் போடப் பழக்கினேன். ஒடியா பேசும் ஹெல்ப்பர் ஒருவர் தம் ஊர்க்காரர்களுக்கு என்னைவிடத் தெளிவாகச் செய்துகாட்டினார்.

ஆடிட் அன்று வந்தவர் பயிற்சிக்கான ஆதாரம் கேட்டார். குடோன் வகுப்புகளில் நான் கையெழுத்தே வாங்கவில்லை. முதல் நாள் கேன்டீன் பதிவேட்டை நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, திருப்தியுடன் குறித்துக்கொண்டார்.