21ஆம் அட்டை

மார்ச் 2
பண்ணையில் இன்று 9 முட்டைகளை அடை வைத்தார்கள். குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும் என்று சிறப்பாசிரியர் சொன்னதும் வீட்டுச் சுவரில் 21 அட்டைகளை ஒட்டினேன். இருபதில் முட்டை, கடைசியில் குஞ்சு. படங்களைப் பார்த்தே நாளைப் புரிந்துகொள்ளும் என் மகன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான். ஒட்டி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மார்ச் 4
மண்ணைத் தொடவில்லை. கையுறையையும் ஏற்கவில்லை.

மார்ச் 6
பிள்ளைகள் இருவர் சத்தமிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டான். யாரும் அவனை எழுப்பவில்லை. எரு நிரப்பிய தள்ளுவண்டியை அருகில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் தானே எழுந்து அதைத் தள்ளத் தொடங்கினான். பாரத்தைத் தள்ளும்போது தசைகளிலும் மூட்டுகளிலும் பதியும் அழுத்தம் இவனைப் போன்ற பல குழந்தைகளை அமைதிப்படுத்தும் என்று சிகிச்சையாளர் சொல்லியிருக்கிறார். ஆனால் சிகிச்சை அறையில் மணல்மூட்டையை நகர்த்த இவன் மறுத்தவன். எரு செடிக்குப் போய்ச் சேர வேண்டும். மூட்டை எங்கும் போகவேண்டியதில்லை. அந்த வேறுபாடு அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நம்புகிறேன்.

மார்ச் 9
இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்து, உள்ளே சிவந்த இரத்தக்குழாய்கள் பரவியிருப்பதைக் காட்டினார்கள். 2 முட்டைகள் வெறும் வெளிச்சமாக இருந்தன. கூமுட்டை என்று எடுத்துவிட்டார்கள். ஒன்பது ஏன் ஏழானது என்பதை எந்தப் படத்தால் அவனுக்குச் சொல்வது?

மார்ச் 13
கையை வாயில் வைத்துவிட்டான். நலமாகத் தெரியும் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் பதறிப்போய்ச் சோப்பிட்டுக் கழுவினேன். கை கழுவுவதற்கும் ஒரு படவரிசை ஒட்ட வேண்டும். அதற்கு முன் அவன் கோழியைத் தடவினான் என்பதை எழுதவே மறந்திருக்கிறேன்.

மார்ச் 17
மறுபடியும் அந்தக் கடைசி அட்டை. அட்டையில் இருப்பது நடக்கும் என்ற உறுதியில்தான் அவன் காலையில் எழுகிறான், உடுத்துகிறான், வண்டியில் ஏறுகிறான். அந்த உறுதியை உண்டாக்க எங்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. முட்டையோ ஒரு நாள் முந்தலாம், பிந்தலாம், பொரிக்காமலே போகலாம். சிறப்பாசிரியரிடம் சொன்னேன். "குஞ்சுப் படத்தை எடுத்துவிடுங்கள், அம்மா. விதைப் பாத்தியில் காட்டுகிறோமே, 'பார்ப்போம்' அட்டை, அதை வையுங்கள்" என்றார்.

மார்ச் 18
மாற்றினேன். 40 நிமிடம் அழுதான்.

மார்ச் 20
ஈர மண்ணில் ஒரு விரல் வைத்தான். எடுத்துத் துடைத்துக்கொண்டான். மறுபடி வைத்தான்.

மார்ச் 23
'பார்ப்போம்' அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். மாலை 4 மணிக்கு ஒரு முட்டையில் சிறு கீறல் தெரிந்தது. குஞ்சு முழுவதும் வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். உதவுவதாக எண்ணி நாம் முட்டையோட்டை உரித்தால் இரத்தம் கசியலாம் என்பதால் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறோம். வீட்டுக்குப் புறப்படும் மணி அடித்துவிட்டது. அவன் நகரவில்லை, நானும் அழைக்கவில்லை.