சோடாப் போத்தலில் ஏவும் தாள் றொக்கெட்

போத்தலை எவ்வளவு பலமாக மிதித்தும் றொக்கெட் பத்தடி எழும்பிச் சரிகிறதா? குறை காலில் இல்லை, காற்று எங்கோ ஒழுகுகிறது. அநேகமாகத் தாள் குழாயின் அளவிலோ மூக்கிலோதான்.

ஏவும் கருவிக்கு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், அரை இஞ்சி பி.வி.சி பைப் ஒன்றேகால் மீற்றர், ஒரு எல்போ (பைப்பை மேலே திருப்பும் மூட்டு), ஒரு சாண் பழைய சைக்கிள் ரியூப் போதும். ரியூபைப் போத்தல் கழுத்திலும் பைப்பிலும் இழுத்து மாட்டி, ரியூபிலேயே வெட்டிய வாரால் இறுகச் சுற்றுங்கள். எல்போவுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் துண்டு 35 செ.மீ. இருக்கட்டும். அதில் றொக்கெட்டை மாட்டிப் போத்தலை மிதித்தால், உள்ளே இருக்கும் காற்றுப் பைப் வழியே பாய்ந்து றொக்கெட்டைத் தள்ளும். கிடைப் பைப்பை நீட்டினால் அதற்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து அமுக்கவேண்டி வரும், அழுத்தம் குறையும்.

பம்பால் பி.வி.சி பைப்புக்குள் காற்றை அடைத்து வைத்துத் திறந்துவிடும் முறையைப் பிள்ளைகளோடு செய்யவே வேண்டாம். அந்தப் பைப் தண்ணீருக்கானது. காற்றழுத்தத்தில் உடைந்தால் கூரான துண்டுகளாகச் சிதறும். வெயிலில் கிடந்த பைப் இன்னும் மோசம்.

இனித் தாள். 80 கிராம் ஏ4 தாளின் நீளப் பக்கம் பைப் நெடுக வரும்படி சுற்றினால் ஏறக்குறைய மூன்று சுற்று வரும். ஆனால் வெறும் பைப்பில் சுற்றினால் பிறகு கழராது. முதலில் வேறொரு தாளை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் றொக்கெட்டைச் சுற்றி, ஓரம் முழுக்கச் செலோரேப் ஒட்டி, பிறகு உள்தாளை உருவுங்கள். பைப்பில் போட்டுவிட்டால் குழாய் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கவேண்டும். நடுவில் நின்றால் இறுக்கம்; கடகடவென்று ஆடினால் தளர்வு, அந்த இடைவெளியால் காற்றுப் போய்விடும். தண்ணீர்ப் பதமான கம் பூசாதீர்கள், தாள் சுருங்கிவிடும்.

மூக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சதுர இஞ்சிக்கு 10 இறாத்தல் அழுத்தம் வந்தாலே மூக்கை இரண்டரைக் கிலோவுக்கு மேல் தள்ளும். மேலோட்டமாக ஒட்டிய கூம்பு தனியே பறக்க, குழாய் பைப்பிலேயே நிற்கும். குழாயின் மேல்முனை 2 செ.மீ. மடித்து, இரண்டு ரேப் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கழுத்தைச் சுற்றியும் ஒட்டுங்கள். வாயால் ஊதிப் பார்த்து, ஒழுகாவிட்டால் மட்டும் கூம்பை மாட்டுங்கள். கூம்புக்குள் 2 அல்லது 3 கிராம் பிளாஸ்ரிசின் வையுங்கள்.

பிறிஸ்டல் அட்டையில் மூன்று செட்டை, அடி 5 செ.மீ. ஒரு தாள் கீலத்தைக் குழாயில் சுற்றி அளந்து, மூன்றாக மடித்தால் செட்டை ஒட்டும் இடம் பிசகாது. பிறகு றொக்கெட் சமநிலையில் தொங்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. வால் முந்தினால் மூக்குக்கு இன்னும் பாரம் வேண்டும். செட்டையை அளவுக்கு மிஞ்சிப் பெருப்பித்தால் சோளகக் காலத்தில் றொக்கெட் காற்றை எதிர்த்துத் திரும்பிவிடும், உயரம் போகாது.

உயரம் அளக்க, 30 மீற்றர் தள்ளி நின்று பாகைமானியால் உச்சியைப் பாருங்கள். 45 பாகை என்றால் 30 மீற்றர், 60 என்றால் 52. கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏவும்போது பைப்புக்கு மேலே யாரும் குனியக்கூடாது. காலபோக அறுவடை முடிந்த வயல்வெளி நல்ல இடம். 'டப்' என்ற சத்தம் அயலில் உள்ள முதியவர்களைத் திடுக்கிட வைக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பற்றைப் பக்கம் அருகில் இருந்தால் அங்கே ஏவவே வேண்டாம். றொக்கெட்டின் பின்னால் ஓடும் பிள்ளை பலகையைப் பார்த்து ஓடாது.