சைகோனை விட்டு வந்தது: ஆள் தயார், காகிதம்தான் இல்லை

"கடையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்திருக்கலாமே" என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். 1978-ல் வியட்நாமில், சைகோனில், கடையை யாரிடம் விற்பது? 75-ல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட்காரர்கள் மார்ச் 23-ஆம் தேதி தனியார் வியாபாரத்துக்கு முடிவு கட்டினார்கள். பெரிய அடி நகரத்தின் சோலோன் பகுதியில் இருந்த சீனர்களுக்குத்தான் என்றாலும் பென் தான் சந்தைப் பக்கம் இருந்த எங்கள் துணிக்கடையையும் விடவில்லை. கையில் சிவப்புப் பட்டை கட்டிய பையன்களும் பெண்களும் கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக விரித்து அளந்து நோட்டில் ஏற்றினார்கள். அப்பா மரியாதைக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீக்கிளாஸையும் கணக்கில் எழுதிவிட்டுத்தான் குடித்தார்கள்.

பணமாவது இருந்ததா என்றால் அதுவும் 1975 செப்டம்பரிலேயே போய்விட்டது. அங்கத்திய நாணயம் தோங், பழைய 500 தோங்குக்குப் புது தோங் 1. எவ்வளவு வைத்திருந்தாலும் ஒரு குடும்பத்துக்குக் கையில் கொடுத்தது அதிகபட்சம் 200 புது தோங். மிச்சத்தை வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டோம், அதோடு சரி. 78 மே மாதம் திரும்பவும் நோட்டை மாற்றினார்கள். ரேஷன் அரிசியில் பாதி மரவள்ளியும் போபோ என்கிற சோளம் மாதிரி ஒரு தானியமும்தான். இதெல்லாம் பலரும் எழுதியாகிவிட்டது. வெளியே வர நாங்கள் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

அப்பா தஞ்சாவூர் ஜில்லாக்காரர், இந்திய பாஸ்போர்ட். அவர் கிளம்புவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, போனால் நல்லது என்றுதான் நினைத்தார்கள். வார்டு அலுவலகத்தில் அவருடைய மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தக் குமாஸ்தா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நீங்கள் தாராளமாகப் போகலாம். இவர்கள் யார்?"

இவர்கள் என்றால் அம்மா, நான், தங்கை, தம்பி. அம்மா மி தோ என்கிற ஊர்ப் பக்கத்து வியட்நாமியப் பெண். கல்யாணம் மாரியம்மன் கோவிலில் நடந்தது, மஞ்சள் கயிறு, மாலை, சாட்சிக்கு அரைத் தெரு தமிழர்கள். பதிவு மட்டும் செய்யவில்லை. அந்தக் காலத்தில் யார் செய்தார்கள்? வியட்நாம் சட்டப்படி அப்பா எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு காரைக்கால் குடும்பத்துக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவர்களுடைய பாட்டனார் பிரெஞ்சு அரசின் 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டு, பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். லிவ்ரே என்று ஒரு சின்னப் புத்தகம், அதில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக முத்திரையோடு. அதைக் காட்டினார்கள், அனுமதி வாங்கினார்கள், பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். எங்களிடம் இருந்தது ஹோ கௌ ஒன்றுதான், அதாவது குடும்பப் பதிவுப் புத்தகம். அதில் குடும்பத் தலைவர் அம்மா.

சரி, பிறப்புச் சான்றிதழை வைத்துத் தகப்பனார் யாரென்று நிரூபிக்கலாம் என்று பார்த்தால், எனக்கும் தங்கைக்கும் அப்பா பெயர் இருந்தது, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில். தம்பி பிறந்த 1961-ல் அப்பா ஊருக்குப் போயிருந்தார், அம்மாதான் பதிந்தாள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அவனுக்கு அப்போது பதினேழு நடக்கிறது, கம்போடியா எல்லையில் சண்டை ஆரம்பித்தாயிற்று, தெருவில் அவனைவிட ஒரு வயசு மூத்த பையன்களுக்கெல்லாம் ராணுவத்துக்கு ஆள் எடுப்புச் சீட்டு வருகிறது. அந்தக் கோடு இருந்த இடத்தில் அப்பா பெயர் ஏறாவிட்டால் அவனை விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"என் பிள்ளைதான்" என்று அப்பா எழுதிக் கொடுத்தால் போதாதாம். பிறந்த காலத்தில் கூட இருந்தவர்கள், அதே வார்டில் இன்னும் பதிவு உள்ளவர்கள், இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்த தமிழர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே கிளம்பியாயிற்று. சீனக் குடும்பம் ஒன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு தாயல் (அங்கே தங்கம் நிறுக்கும் எடை) தங்கம் கட்டி ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறிவிட்டது (பிறகு மலேசியாவில் பிடோங் தீவு முகாமிலிருந்து கடிதம் போட்டார்கள், பிழைத்துக் கிடந்தார்கள்). கடைசியில் கை கொடுத்தது சந்து முனையில் நூடுல்ஸ் விற்ற கிழவியும் அவள் தங்கையும். இவன் பிறந்தபோது வெந்நீர் வைத்தவளே நான்தான், தகப்பன் ஊரிலிருந்து வந்ததும் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான், அதை எழுது என்று குமாஸ்தாவிடம் சத்தம் போட்டாள். மிட்டாய் சமாசாரத்தையும் சேர்த்து எழுதினார் என்றால் நம்புங்கள்.

அப்புறம் முகவரி. பழைய காகிதங்களில் கொங் லீ தெரு, புதிய காகிதங்களில் நாம் கி கொய் ங்கியா தெரு. 75-லேயே பெயரை மாற்றியவர்கள் அவர்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே தெரு என்பதற்கு நாங்கள் சான்று கொண்டுவர வேண்டும். 76 ஜூலையில் நகரத்தின் பெயரும் ஹோ சி மின் ஆகிவிட்டதால் அதற்கும் ஒன்று. இது தெரியாமல் மாவட்ட அலுவலகம்வரை போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். காலையில் வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்?

பெரிய கூத்து லீ லிக், அதாவது குடும்ப வரலாற்று அறிக்கை. மூன்று தலைமுறை வரலாறு, சொத்து, தொழில், யார் யார் எந்தப் பக்கம் என்று எல்லாம் எழுதித்தர வேண்டும். அப்பாவுக்கு ஊரில் இரண்டு மா நிலம். அதைத்தான் ஆயுள் முழுக்க "எங்கள் மிராசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், அப்படியே எழுதச் சொன்னார். நிலச்சுவான்தாரா, பணக்கார விவசாயியா, நடுத்தர விவசாயியா, ஏழை விவசாயியா என்று அவர்களிடம் வகை இருக்கிறது. மிராசு என்று மொழிபெயர்த்தால் எந்த வகையில் போய் விழும் என்று எனக்குத் தெரியும். ஏழை விவசாயி என்று நானே எழுதிவிட்டேன். அவருக்கு வியட்நாமியம் பேசத்தான் வரும், படிக்க வராது. நல்லவேளை.

ஒவ்வொரு காகிதத்தையும் பல பிரதி கேட்பார்கள், கார்பன் பேப்பர் அங்கே இருக்காது, நாமே கொண்டுபோக வேண்டும். எழுதியதில் ஒரு அடித்தல் இருந்தாலும் முழுசாகத் திரும்ப எழுதவேண்டும். மின்சார பாக்கி இல்லை என்ற சீட்டு எங்களை ரொம்ப அலைய வைத்தது, ஏனென்றால் மீட்டர் எப்போதோ ஊர் திரும்பிவிட்ட ஒரு செட்டியார் பெயரில் இருந்தது. பாக்கி இல்லை என்று அவர்தான் வந்து சொல்லவேண்டும் என்றார்கள். அவர் தேவகோட்டையில் இருக்கிறார் என்றதற்கு, "அது எந்த வார்டு?"

முடிவில் வீடு. வீட்டை நாங்களே மனமுவந்து அரசுக்குக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவியை ஒப்படைத்து, அதற்கு ரசீதும் வாங்கிய பிறகுதான் வெளியேறும் அனுமதி கைக்கு வந்தது. அதில் தம்பி பெயரைப் பார்க்கும்வரை அம்மா ஒரு துணியைக்கூட மடித்து வைக்கவில்லை.

விமான நிலையத்தில் அம்மாவின் மெத்தை விரிப்பைத் தையல் பிரித்துப் பார்த்தார்கள், தங்கம் தேடி. இருந்தால்தானே. பாங்காக் வழியாக மெட்ராஸ்.

இப்போது இதை எழுதக் காரணம், சைகோன் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிலர் பழைய பதிவுகளைத் தேடுகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த குடும்பம் என்றால் பிரான்ஸில் நாந்த் நகரத்தில் உள்ள மத்திய சிவில் பதிவு அலுவலகத்துக்கு எழுதிப் பாருங்கள், நூறு வருஷத்துக்கு மேல் பழையதென்றால் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகம். மற்றவர்கள் வியட்நாமிலேயே வார்டு அலுவலகத்தில் பிறப்புப் பதிவின் நகல் கேட்கவேண்டும். தெருப் பெயரைப் பழையதும் புதியதுமாக இரண்டும் எழுதுங்கள், தாத்தா பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் கொடுங்கள், இனிஷியலை விரித்து எழுதுங்கள். அம்மா வழிப் பாட்டியின் வியட்நாமியப் பெயர் தெரிந்தால் அதை வைத்து முதலில் தேடுங்கள். அவர்கள் பெயரில்தான் எழுத்துப்பிழை இருக்காது.