அம்மாவுக்கு ஒரு வாழ்த்துமடல்

2024 ஜூலை 3, புதன்

இந்த மாதத்தோடு அம்மாவுக்கு அறுபது. பென்சன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள தாய்மார் சேர்ந்து சேவைநலன் பாராட்டு விழா வைக்கிறார்களாம். மண்டபம், மாலை, பொன்னாடை எல்லாம் பேசி முடித்தாயிற்று. வாழ்த்துமடல் மட்டும் என் தலையில். "நீங்கதானே டீச்சர் தமிழ் படிப்பிக்கிற" என்று மாதர் சங்கத் தலைவி சொல்லிப்போட்டு போனை வைத்துவிட்டார்.

பழைய மடல்கள் சிலதைத் தேடிப் பார்த்தேன். அன்பின் உறைவிடமே, கருணைக் கடலே, பண்பின் சிகரமே. பெயரை மாற்றினால் அதிபருக்கும் பொருந்தும், தபாற்கந்தோர் ஐயாவுக்கும் பொருந்தும். 1991இலிருந்து மிட்வைஃபாக, அதாவது ஊர் மருத்துவிச்சியாக, வேலை செய்த ஒரு மனுசியைப் பற்றி இதில் என்ன தெரியும்?

ஜூலை 7, ஞாயிறு

பின்னேரம் ஆரையம்பதிச் சந்தைக்குப் போகிற வழியில் அம்மாவிடம் பழைய கதை கேட்டேன். இப்போது மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக எவ்வளவு நேரம்? அந்தக் காலத்தில் பாதைதான், வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். யுத்த நேரம், இக்கரையில் ஆமியின் சோதனைச்சாவடி. சைக்கிள், சாப்பாட்டுப் பெட்டி, பதிவேடு எல்லாம் சோதிப்பார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை. தடுப்பூசிப் பெட்டிதான் பிரச்சினை. உள்ளே 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் குளிர் நிற்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கதை கேட்டால் ஐஸ் இளகிவிடும். அம்மா சிங்களம் படிக்கத் தொடங்கியதே அங்கேதான்: "பபாட்ட பெஹெத், மாத்தயா." பிள்ளைக்கு மருந்து, ஐயா. முதல் பாடம் அது. கொஞ்ச நாளில் ஆமிக்காரப் பெடியன்களே "மூடு, மூடு" என்று அவசரப்படுத்துவார்களாம்.

பாதை அக்கரையில் நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டும். அம்மா குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடிப்பார். தான் வெயிலில்.

இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993இல். நம் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்ற சான்றிதழ் 2014 மார்ச்சில் கிடைத்தது. பாலம் திறந்ததும் அதே வருசந்தான். பாலத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. வராத போலியோவுக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

ஜூலை 8, திங்கள்

முதல் வரைபைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ஒரு தரம் வாசித்தார்.

"தியாகம் எண்டத வெட்டு புள்ள. சம்பளம் எடுத்தனான்தானே."

வெட்டிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

அம்மாவின் பெரிய வேலை எது என்று கேட்டால் நான் எங்கள் குசினிச் சுவர்க் கலண்டரைத்தான் சொல்லுவேன்.

பொழுதுபட்டால் பாதை ஓடாது. நடுச்சாமத்தில் வலி வந்தால் வாவியைக் கடந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு வழியே கிடையாது. அதனால் அம்மா முன்கூட்டியே கணக்குப் போடுவார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஒன்பது மாதமும் ஏழு நாளும். அந்தத் திகதிக்குச் சிவப்பு வட்டம். அதற்கு இரண்டு கிழமை முந்தி ஒரு புள்ளடி. புள்ளடி நாளுக்கு முதல் அந்தப் பிள்ளை எங்கள் கரைக்கு, எழுவான்கரைக்கு வந்துவிட வேண்டும். தலைப்பிள்ளைக்காரி, ஏற்கெனவே சீசர் செய்தவ, பிரஷர் உள்ளவ என்றால் சொல்லவே தேவையில்லை, இன்னும் முந்தி.

இக்கரையில் சொந்தம் இல்லாதவர்கள்? எங்கள் வீட்டு நடு அறை. நான் விறாந்தையில் பாய் போட்டு வளர்ந்தவள். யாரோ ஒரு அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவார், நாலைந்து நாளில் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவார், அடுத்தவர் வருவார். அம்மம்மாதான் ஆணம் காய்ச்சிக் காய்ச்சிக் களைத்தவ. "இது என்ன வீடா, வாட்டா?" என்று ஏசுவார், ஏசிக்கொண்டே மீன் துண்டைப் பெரிதாய்ப் பார்த்து வைப்பார்.

அந்த வீடு அரச வேலைக்காரருக்குக் கிடைக்கிற இடர்கடன் எடுத்துக் கட்டியது. இப்போது என் சீதனம். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; ஆனால் அந்த நடு அறை எனக்கு முந்தி எத்தனை பேருக்குச் சொந்தமாய் இருந்தது என்று கலண்டர்களை எண்ணினால்தான் தெரியும்.

எல்லாரும் அம்மாவின் அன்பைத்தான் சொல்கிறார்கள். அன்பு உள்ளவர்கள் ஊரில் நிறைய. திகதி பிசகாமல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

ஜூலை 16, செவ்வாய்

இரவு பதினொரு மணிக்குப் போன். முதல் பிள்ளை, மூன்றாம் நாள், பால் பிடிக்குதில்லையாம். அம்மா கட்டிலில் இருந்தபடியே:

"அழாத கா. தலையப் புடிச்சி அமத்தாத, தோளத் தாங்கு. நாடி மார்பில முட்டட்டும். வாய் ஆவெண்டு திறக்கு மட்டும் பொறு... நுனிய மட்டும் குடுத்தா நோகும், கறுப்பும் சேந்து உள்ள போகோணும். ம்... இப்ப சத்தம் கேக்குதா? முழுங்கிற சத்தம்?"

அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "சீனித்தண்ணி குடுக்கச் சொல்லுவாங்க, குடுத்திடாத" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு கிழமையில் பென்சனாம்!

ஜூலை 21, ஞாயிறு

விழா நடந்தது. பேச்சு நீளம், மைக் சரியில்லை. மடலில் நான் எழுதியிருந்தது பாதை, குடை, கலண்டர், நடு அறை. தலைவி முதலே வாசித்துவிட்டு, "டீச்சர், இது கணக்கறிக்கை மாதிரியெல்லோ இரிக்கு" என்றார். அச்சில் பார்த்தால் தலைப்பில் "கருணைக் கடலே" ஏறியிருந்தது. இருக்கட்டும். நடு அறையில் இருந்துபோன இரண்டு பேர் தங்கள் வளர்ந்த பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். ஒரு பெடியன் அம்மாவைவிட இரண்டடி உயரம்.

ஜூலை 30, செவ்வாய்

புதிதாய் வந்த மிட்வைஃப் பிள்ளை பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இளம் பிள்ளை, பேனை திறந்தபடி. அம்மா பதிவேட்டில் இல்லாததை எல்லாம் வீடு வீடாய்ச் சொல்லத் தொடங்கினார்.

"வளர்ச்சி அட்டையில பிள்ளைட நிறை பச்சைக்குள்ள நிக்குதெண்டு விட்டுடாத. ரெண்டு மாசம் கோடு படுத்திருந்தா வீட்ட போ. இந்த வீட்டில தாய்க்கும் பிள்ளைக்கும் குடுக்கிற திரிபோஷ சத்துமாப் பைக்கற்ற தகப்பனும் சேந்துதான் சாப்பிடுறார். வாசலில நிண்டு கேட்டா சொல்லமாட்டாங்க, குசினிக்குள்ள போய்ப் பார். இந்த மாமிட்டச் சத்தமாப் பேசாத, மருமகளுக்குத்தான் விழும். இங்க நாய் கடிக்கும், பின்பக்க வேலியால போ."

அந்தப் பிள்ளை எழுத எழுதக் கொப்பியில் பக்கம் போதவில்லை. தேத்தண்ணி ஆறிவிட்டது. பாதி ஊர்கூட முடியவில்லை, வருகிற செவ்வாயும் வருகிறாராம்.