ஈவினை காணாமற்போன கதை: ஜூம்லாவிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறிய அனுபவம்

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் நடத்தும் இணையத்தளத்தில் ஏறத்தாழ 38,000 பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல்களும் நினைவஞ்சலிகளும். மிகுதி ஊர்ச் செய்திகள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், பழைய மாணவர் சங்கங்களின் கடிதங்கள். 2006இல் தொடங்கிய தளம் 2008இல் ஜூம்லா 1.5 என்ற தள முகாமை மென்பொருள் வெளியானபோது அதற்கு மாறி, பிறகு அங்கேயே நின்றுவிட்டது. ஜூம்லா 1.5க்கான ஆதரவு 2012இல் முடிந்ததும், அது இயங்கத் தேவையான பிஎச்பி 5 என்ற நிரல்மொழியின் கடைசிப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இறுதியோடு நின்றதும் எங்களுக்குத் தெரியாதவையல்ல. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடட்டும் என்று விட்டிருந்தோம்.

2023இன் தொடக்கத்தில் தளத்தின் பொறுப்பாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு முறைப்பாட்டோடு வந்தார். எங்கள் அறிவித்தல்களை எழுத்துக்கு எழுத்துப் பிரதிசெய்து போடும் தளங்கள் கூகுளின் முதற்பக்கத்தில் இருக்க, முதலில் வெளியிட்ட நாங்கள் மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம். அவர் கலந்துபேசிய ஆலோசகர் ஒருவர், ஜூம்லாவைக் கூகுளுக்குப் பிடிக்காது என்றும் வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு முகாமை மென்பொருளுக்கு மாறினால் மூன்றே மாதத்தில் மேலே வந்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். பதினைந்து ஆண்டுகளாகக் கணினியோடு மாரடிக்கும் நானும் அதை நம்பினேன் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மாற்றத்தைத் தொடங்குமுன் கூகுள் எங்களைப் பற்றி என்ன அறிந்து வைத்திருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலையாக இருந்தது. தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சேர்ச் கொன்சோல் என்ற கருவி 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கும். திரையிலிருந்து தரவிறக்கினால் 1,000 வரிகளுக்கு மேல் தராது. ஆகவே அதன் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்கும் வாயில்) வழியாக இழுக்கக்கூடியதையெல்லாம் இழுத்து, தளம் இயங்கும் வழங்கிக் கணினியின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டேன். எங்களிடம் இருந்த பதிவுகளைப்போல் பல மடங்கு முகவரிகள் கூகுளிடம் இருந்தன. ஜூம்லா 1.5இல் ஒரே கட்டுரை எந்தப் பட்டி (மெனு) வழியாக வருகிறதோ அதற்கேற்ப வேறு வேறு முகவரியில் திறக்கும். போதாததற்கு அச்சுப் பக்கத்துக்கு ஒரு முகவரி, பிடிஎப் வடிவத்துக்கு இன்னொன்று. மேலும், ஆயிரக்கணக்கான பக்கங்களின் தலைப்புப் பட்டையில் இறந்தவரின் பெயரோ ஊரோ இல்லாமல் ‘மரண அறிவித்தல்’ என்ற இரண்டு சொற்கள் மாத்திரமே இருந்தன. பெயரைத் தேடுகிறவருக்கு இந்தப் பக்கத்தை ஏன் காட்டவேண்டும் என்று கூகுள் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று அடியில் கிடந்தது. 2010 வரையான பதிவுகள் எந்தத் தேடலிலும் ஒருமுறைகூட வந்திருக்கவில்லை. காரணம், அவை பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி வெறும் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. ‘அம்மா’ என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே இருக்கும். எங்கள் தளத்தின் முதல் நான்கு ஆண்டுகள் கூகுளைப் பொறுத்தவரை பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். எந்த முகாமை மென்பொருளுக்கு மாற்றினாலும் கிறுக்கல் கிறுக்கலாகவே போய்ச் சேரும். ஆகவே இடமாற்றம் என்று தொடங்கியது எழுத்துமாற்றமாகியது.

பாமினியை, தமிழுக்கெனத் தனிக் குறிகள் கொண்ட ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் நிரல்கள் பல உண்டு; ஒரு பந்தியை ஒட்டி மாற்றி எடுப்பதற்கு அவை போதும். பல்லாயிரம் எச்ரிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கங்களை மாற்றும்போதுதான் பாமினியின் குணம் தெரிகிறது. பாமினியில் காற்புள்ளிக் குறிதான் ‘இ’ என்ற எழுத்து. மேற்கோள் இடாமல் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக முதலில் தரவை எடுத்தபோது, இணுவிலும் இளவாலையும் வந்த இடமெல்லாம் அட்டவணையின் நெடுவரிசைகள் உடைந்து, தலைப்பு ஒரு பக்கமும் திகதி இன்னொரு பக்கமுமாகச் சிதறின. அது கண்ணுக்குத் தெரிந்த பிழை. அரை நாளில் சரிசெய்தேன்.

கண்ணுக்குத் தெரியாத பிழையைக் கண்டுபிடித்தவர் எங்களோடு தொடக்கம் முதல் தட்டச்சுச் செய்துவரும் அக்கா. மாற்றிய பதிவுகளில் நூறை எழுமானமாக எடுத்து வாசிக்கக் கொடுத்திருந்தேன். இரண்டாம் நாள் என் மேசைக்கு வந்து, “தம்பி, இந்த மனிசன்ரை ஊர் எங்கை?” என்று கேட்டார். தாளில் ‘யாழ். கனடாவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று இருந்தது. “அச்சுப் பிழையாயிருக்கும் அக்கா” என்றேன். “அச்சுப் பிழையில்லை. இதை அடிச்சது நான். ஈவினையைப் பிறப்பிடமாகவும் எண்டு போட்டனான்” என்றார்.

பழைய தளத்தைத் திறந்து பார்த்தோம். ‘யாழ். ஈவினையைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தெளிவாக இருந்தது. விடயம் விளங்க எனக்கு அன்று மாலைவரை எடுத்தது. பாமினியில் ‘ஈ’ என்ற எழுத்து ‘சிறியது’ என்ற கணிதக் குறியின் இடத்தில் இருக்கிறது. காற்புள்ளி ‘பெரியது’ என்ற குறியின் இடத்தில் இருக்கிறது. எச்ரிஎம்எல்லில் ஒரு கட்டளை தொடங்குவதும் முடிவதும் இதே இரண்டு குறிகளால்தான். பழைய ஜூம்லா அந்தக் குறிகளைப் பாதுகாப்பான மாற்றுக் குறியீடாகச் சேமித்து வைத்திருந்தது. நான் பயன்படுத்திய, வேர்ட்பிரஸில் பொருத்தும் இறக்குமதிப் பிளகின் (துணைநிரல்) முதலில் மாற்றுக் குறியீடுகளை அவிழ்த்தது. அதன்பின் தேவையற்ற எச்ரிஎம்எல் கட்டளைகளை அகற்றியது. ஈவினையில் தொடங்கிக் காற்புள்ளிவரை இருந்த அத்தனையும் அதற்கு ஒரு தெரியாத கட்டளையாகப் பட்டதால், சத்தமில்லாமல் எடுத்து எறிந்துவிட்டது. மிஞ்சிய வாக்கியமும் குறையில்லாத வாக்கியம்போலவே நின்றது.

தேடத் தேட மேலும் வந்தன. ஈச்சமோட்டை இல்லை. ஈழநாடு பத்திரிகையில் பணியாற்றியவரின் பத்திரிகை இல்லை. ‘திருமதி ஈஸ்வரி’ என்று தொடங்கிய தலைப்புகள் ‘திருமதி’ என்பதோடு நின்றன. காற்புள்ளியே வராத பந்தியில் ஈயிலிருந்து கடைசிவரை முழுவதும் போயிருந்தது. மொத்தம் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள். அவிழ்க்காமலே மாற்றிப் பார்த்தால் வேறு கூத்து: மாற்றுக் குறியீட்டின் எழுத்துகளும் தமிழாகி, ஈ வரவேண்டிய இடமெல்லாம் ‘ரூடவ்’ என்று வந்து நின்றது. இறுதியில் பிளகினைக் கைவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் எச்ரிஎம்எல் மரமாகப் பிரித்து, பாமினி எழுத்துரு என்று குறிக்கப்பட்ட உரைத்துண்டுகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றுக்குள் மட்டும் குறியீட்டை அவிழ்த்து ஒருங்குறியாக்கி, மீண்டும் அதே இடத்தில் வைக்கும் சிறு நிரலை நானே எழுதினேன். எழுத்துருவைக் கவனித்தது ஆங்கிலப் பெயர்களுக்காகவும்தான். இல்லாவிட்டால் ரொறொன்ரோ மண்டபத்தின் ஆங்கில முகவரியும் தமிழ்க் கிறுக்கலாகியிருக்கும்.

இன்னுமொரு பழைய வழக்கத்தையும் சொல்லவேண்டும். பாமினியில் ரகரமும் ஆகாரக் காலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே என்பதால், தட்டச்சுச் செய்தவர்கள் ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதிலாகக் காலை அடித்து மேலே புள்ளி வைத்தார்கள். கண்ணுக்கு அது ‘அவர்’, கணினிக்கு ‘அவா்’. காலுக்கு மேல் புள்ளியோ விசிறியோ தமிழில் ஒருபோதும் வராது என்பதால், அப்படி வந்த இடமெல்லாம் ரகரமாக மாற்றுவது ஆபத்தில்லாத விதி. ‘கொ’ என்பதற்குச் சில நிரல்கள் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக விடுகின்றன; அவற்றையும் ஒரே குறியாக்கினேன்.

முகவரிகளுக்கு வருகிறேன். தமிழிலேயே முகவரி அமையவேண்டும் என்று தளப் பொறுப்பாளரான ஆசிரியர் ஐயா விரும்பினார். ஆனால் ஒருங்குறியைச் சேமிக்கும் யூரிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் வேண்டும்; முகவரியில் அது 9 எழுத்துகளாக விரியும். வேர்ட்பிரஸின் தரவுத்தளம் பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துகளே ஒதுக்கியிருக்கிறது. அதாவது தமிழில் 22 குறிகள். ‘யாழ்ப்பாணத்தில்’ என்ற ஒரு சொல்லே 15 குறிகளைத் தின்றுவிடும் என்று தாளில் எண்ணிக் காட்டியபின் அவர் இறங்கிவந்தார். பழைய ஜூம்லாக் கட்டுரை எண்ணை அப்படியே வைத்து, அதன் பின்னால் ஆங்கில எழுத்தில் சுருக்கமான பெயர் என்று முடிவு செய்தோம்.

அந்த எண்ணைக் காப்பாற்றியதே நாங்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு. பழைய முகவரி பட்டி வழியாக வந்தாலும், அச்சுப் பக்கமானாலும், பிடிஎப் ஆனாலும், அதற்குள் ‘ஐடி’ என்ற சொல்லை அடுத்துக் கட்டுரை எண் இருக்கும். ஆகவே பல்லாயிரம் வரி வழிமாற்றுப் பட்டியலுக்குப் பதிலாக, எண்ணை மட்டும் பொறுக்கிப் புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றுக் கொடுக்கும் ஒரே விதி போதுமாயிற்று. இல்லாத எண்களை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அப்படிச் செய்தால் கூகுள் அதை ‘காணப்படவில்லை’ என்பதாகவே கணக்கில் எடுக்கும், வாசகருக்கும் குழப்பம், ஆகவே 404 என்ற ‘பக்கம் இல்லை’ பதிலையே விட்டோம். பாதுகாப்பற்ற இணைப்பிலிருந்து பாதுகாப்பானதற்கு ஒரு தாவல், பிறகு புதிய முகவரிக்கு இன்னொரு தாவல் என்றிருந்ததையும் ஒரே தாவலாக்கினோம். படங்களைச் சிறிதாக்கியது, தற்காலிகச் சேமிப்பு அமைத்தது எல்லாம் வழக்கமான வேலை. அவற்றை விரிக்கத் தேவையில்லை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் தளத்தில் கை வைப்பதில்லை என்பது எங்கள் எழுதாத சட்டம். திருவிழா முடிந்து, 2023 ஒக்ரோபர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மாற்றினோம். அப்போது ரொறொன்ரோவில் நள்ளிரவு கடந்து அரை மணி, சூரிச்சில் காலை ஆறரை, லண்டனில் ஐந்தரை. எங்கள் வாசகரில் பெரும்பகுதி நித்திரையில். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் இட்ட சரியடையாளத்தை எடுத்தோமா என்று மூன்று பேர் தனித்தனியே பார்த்தோம்.

ஐந்தாம் நாள் தேடல்வழி வருகை சரியத் தொடங்கியது. ஐயா தொலைபேசியில் பேசவேயில்லை. பெருமூச்சு மட்டும் கேட்டது. ஆனால் கூகுள் தன் ஒக்ரோபர் மாத மையப் புதுப்பிப்பை (தேடல் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) தொடங்கியதும் அதே 5ஆம் திகதிதான்; அது 19ஆம் திகதி முடிய, நவம்பர் 2இல் அடுத்தது தொடங்கி அம்மாத இறுதிவரை இழுத்தது. சரிவில் எவ்வளவு எங்கள் மாற்றத்தால், எவ்வளவு கூகுளால் என்று பிரித்தறிய வழியில்லாமற் போயிற்று. பழையதற்குத் திரும்பிவிடலாம் என்ற குரலும் எழுந்தது. திரும்பினால் கூகுள் எல்லாவற்றையும் மூன்றாம் முறை படிக்கவேண்டியிருக்கும் என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு மாதமும் நான் செய்த ஒரே வேலை, தினமும் காலையில் வழங்கியின் பதிவேட்டில் கூகுளின் தானியங்கி வாங்கிய 404களைப் பார்த்துத் திருத்துவது.

பெப்ரவரியில் கணக்கெடுத்தபோது, 2010க்குப் பின்னான பதிவுகள் பழைய இடத்துக்கு வந்து, பெயரும் ஊரும் தலைப்பில் ஏறியதால் அதற்குச் சற்று மேலேயும் நின்றன. வேர்ட்பிரஸால் மட்டும் கிடைத்தது என்று சுட்டிக்காட்ட எதுவும் அகப்படவில்லை. தலைப்பையும் இரட்டைப் பக்கங்களையும் ஜூம்லாவின் புதிய பதிப்பிலும் திருத்தியிருக்கலாம். பெரிய மாற்றம் பாமினிப் பதிவுகளில்தான். பதினைந்து ஆண்டுகள் யாருமே தேடிக் கண்டிராத அறிவித்தல்களுக்கு வருகை வந்துகொண்டிருந்தது.

வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. ஓராண்டு கழிந்தபோது, விதியை எடுத்துவிடலாமா என்று பார்க்கப் பதிவேட்டைத் திறந்தேன். 2009ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் பழைய முகவரியை யாரோ கையால் தட்டியிருந்தார்கள். முதலில் எழுத்துப் பிழையோடு, பிறகு பாதியோடு, மூன்றாம் முறை எண் வரைக்கும். அக்காவிடம் காட்டினேன். அந்த நாட்களில் முப்பத்தோராம் நாள் நினைவாக வெளியிடும் ‘கல்வெட்டு’ என்ற சிறு நூலின் பின்னட்டையில் எங்கள் முகவரியை இரண்டு வரியாக மடித்து அச்சிடுவார்கள் என்றும், தானே பலருக்கு எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். கல்வெட்டில் அச்சான முகவரியை இனி யார் திருத்துவது? விதியை அப்படியே விட்டுவிட்டு, யாரும் எடுக்கக்கூடாது என்று அதற்கு மேலே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.