குப்பிக்குள் ஒரு குமிழி

குடிநீரில் சேர்க்கும் குளோரின், அதிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிவதால் டிரைஹாலோமீத்தேன் என்னும் நான்கு சேர்மங்கள் உருவாகும். ஆய்வில் அவற்றின் அளவு சந்தேகமாக வந்தால் முதலில் கருவியைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தவறு நடந்திருப்பது மாதிரி எடுத்த குழாயடியில்.

அந்த நான்கில் ஒன்றான குளோரோஃபார்ம் சட்டென்று ஆவியாகும். 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் பட்டாணி அளவு குமிழி நின்றாலும் அதற்குள் ஏறிவிடும். குழாய்முனைச் சல்லடையைக் கழற்றி, நீரின் வெப்பநிலை நிலைக்கும்வரை ஓடவிட்டு, பிறகு ஓட்டத்தைக் குறைத்து, சாய்த்த குப்பியின் உள்சுவரோடு நிரப்ப வேண்டும். விளிம்பில் நீர் மேடாக நிற்கும்போது, மூடியின் டெஃப்லான் பக்கம் நீரைத் தொடும்படி மூடிக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். வழியவிட்டால் உள்ளே போட்டு வைத்த 25 மி.கி. அஸ்கார்பிக் அமிலமும் போய்விடும். எஞ்சிய குளோரினை முறிப்பது அதுதான். அது இல்லையென்றால் வினை குப்பிக்குள்ளேயே தொடர்ந்து, லேபில் கூடுதலாகக் காட்டும். குளோரினால் உருவாகும் இன்னொரு வகையான ஹாலோஅசிட்டிக் அமிலங்களுக்கு வேறு குப்பி, அதில் அம்மோனியம் குளோரைடு. இரண்டையும் ஒரே குப்பியில் முடிக்கப் பார்ப்பது வீண் வேலை.

எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டிரைஹாலோமீத்தேன் நேரம் ஆக ஆகக் கூடும். குழாய்த்தொடரின் கடைக்கோடியில், வெயில் காலத்தில் உச்சம். ஹாலோஅசிட்டிக் அமிலங்களோ, குளோரின் தேய்ந்த கடைசிக் குழாய்களில் நுண்ணுயிர்களுக்கு உணவாகிக் குறையும். அங்கே அளவு குறைந்திருந்தால் மகிழ வேண்டாம், எஞ்சிய குளோரினைச் சோதியுங்கள்.

அமெரிக்க வரம்பு லிட்டருக்கு டிரைஹாலோமீத்தேனுக்கு 80, ஹாலோஅசிட்டிக் அமிலங்களுக்கு 60 மைக்ரோகிராம். அது ஒவ்வோர் இடத்துக்கும் ஓராண்டுச் சராசரி. டிரைஹாலோமீத்தேன் ஒருநாள் 90 வந்ததும் பதறத் தேவையில்லை. பல ஆண்டுகள் குடிப்பதால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் கூடலாம் என்பதுதான் கவலை. அதற்காகக் குளோரினைக் குறைக்கக் கூடாது. காலரா சில நாட்களிலேயே ஆளைக் கொல்லும். குளோரின் படும் முன்பே கரிமப் பொருளை வெளியேற்றுங்கள்: படிகார அளவைக் கூட்டி, நீரின் pH அளவைச் சற்றுக் குறைத்து, குளோரின் சேர்ப்பதைப் படிவுத்தொட்டிக்குப் பின்னால் தள்ளுங்கள். மூலநீரில் புரோமைடு இருந்தால் எடை கூடிய புரோமின் சேர்மங்கள் உருவாகி மொத்த அளவு ஏறும். டிரைஹாலோமீத்தேன்கள் நான்கையும் தனித்தனியே பார்த்தால்தான் அது தெரியும்.

மாதிரிகளோடு பயணம் போய்த் திரும்பும் தூயநீர்க் குப்பியையும் மறக்காமல் கருவியில் சோதியுங்கள். அதிலும் குளோரோஃபார்ம் வந்தால், அது குழாயில் இருந்து வந்ததல்ல. அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.